இபு ஹெந்தார்சி வீட்டுச் செடிகள்

இமாஸ் கத்தியைக் கையில் எடுத்தாலே இபு ஹெந்தார்சிக்கு, அதாவது ஹெந்தார்சி அம்மாவுக்கு, முகம் சுண்டிவிடும். பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருப்பவர் எழுந்தே வந்துவிடுவார்.

"எங்க வெட்டப் போற? காட்டு, எங்க?"

"உங்க கழுத்துலயா வைக்கப் போறேன்? செடியிலதான் இபு."

"அதுக்கும் உசுரு இருக்கு நெங்."

"இருக்குறதாலதான் வெட்டுறேன். செத்ததுக்கு எதுக்குக் கத்தி? கையால பிடுங்கிப் போட்டாப் போச்சு."

முப்பத்தொன்பது வயதில் தன்னை நெங் என்று சின்னப் பெண்ணாக்கிக் கூப்பிட அந்த ஒரு வாய்தான் இமாஸுக்கு மிச்சம் இருந்தது. அதனால் கத்தியை ஓரமாக வைத்துவிட்டு, கணு எங்கே இருக்கிறது, அதற்குக் கீழே ஒரு விரல்கடை விட்டு ஏன் வெட்ட வேண்டும், வெட்டிய துண்டு எப்படித் தண்ணீரில் வேர் விடும் என்று பத்தாவது தடவையாகச் சொல்லுவாள். கிழவி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "சரி, அடுத்த வாரம் வெட்டலாம்" என்பார். அடுத்த வாரத்துக்குள் செடி இன்னும் ஒரு முழம் நீண்டு, இலையில்லாத மொட்டைத் தண்டாக ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்கும்.

போகோரில் மழை பெய்யாத நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த மழைக்கும் வெக்கைக்கும் செடி தானாக வளரும் என்று நம்பி, ஊரடங்கு வந்த வருஷம் ஊரே செடி வாங்கியது. வாங்கியவர்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை. நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொன்றார்கள். சலாக் மலையடிவாரத்து நாற்றுப் பண்ணையில் வளர்ந்த இமாஸுக்குப் பிழைப்பு அப்படித்தான் அமைந்தது. வாரத்துக்கு ஐந்து வீடு. முற்றிய இலையைக் கழிப்பது, தூசி படிந்த இலையை ஈரத்துணியால் துடைப்பது, மாவுப்பூச்சி அடைந்த இலைக் கக்கத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றியெடுப்பது, வேர் முட்டிய செடியை உமிக்கரி கலந்து வேறு தொட்டிக்கு மாற்றுவது. செவ்வாயும் வெள்ளியும் இபு ஹெந்தார்சி வீடு.

இபு தபால் நிலையத்தில் இருபத்தொன்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகன் குமிலார், கடல் தாண்டி பாலிக்பாப்பானில், எண்ணெய் ஆலையில் வேலை. கணவரின் கார் நின்ற பின்கொட்டகையைச் சுற்றிலும் கண்ணாடி அடைத்துச் செடி அறையாக்கி வைத்திருந்தார். அறுபது தொட்டி. நடுநாயகமாக, பச்சையும் வெள்ளையும் தெறித்த இலையோடு ஆளுயர மான்ஸ்தெரா ஒன்று. அதற்கு அடுத்தது, இலையெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்கும் கொடி. அந்தக் கொடிக்கு ஊரில் வைத்த பேர் 'ஓட்டை விதவை'.

"இந்த வீட்டுல ரெண்டு விதவை," என்பார் இபு. "ஒண்ணு ஓட்டை விழுந்தது. இன்னொண்ணு இன்னும் விழல."

"எதுக்கும் திரும்பி நில்லுங்க, பார்த்துச் சொல்றேன்," என்பாள் இமாஸ். இரண்டு பேரும் இருமல் வரும் வரைக்கும் சிரிப்பார்கள்.

குமிலார் கண்டிப்பானவன். நோய் பரவத் தொடங்கியதிலிருந்து அம்மாவை வாசல் தாண்ட விடவில்லை. காய்கறி வெளிக்கதவில் தொங்கும் பையில் வந்துசேரும். சமையல் கேஸும் குடிதண்ணீரும் கொண்டுவருகிற ஓயிப் உருளையை வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். தடுப்பூசிக்கு இரண்டு தடவை போய், ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று இரண்டு தடவையும் இபுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் மகன் இன்னும் இறுக்கினான்.

"செடிக்காரியும் வரக் கூடாதுன்னா நான் சுவத்தோட பேசிக்கிட்டே சாகட்டுமா?" என்று போனில் இபு கேட்டது இமாஸ் காதிலும் விழுந்தது. அவன் இறங்கி வந்தான். "அவங்க ஒருத்தங்க மட்டும். முகக்கவசத்தைக் கழட்டக் கூடாது."

இது நடந்து இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஊரடங்குக்கு அடுத்த வருஷத்து ஜூன் மாதக் கடைசியில் இமாஸின் புருஷன் சாரிப்புக்குக் காய்ச்சல் வந்தது.

சாரிப் பச்சை வேன் ஓட்டுகிறவன். யார் யாரையோ ஏற்றி இறக்குகிறவன். "காத்து புகுந்திருக்கு" என்று குப்புறப் படுத்துக்கொண்டான். புகுந்த காற்று வெளியேற, இமாஸ் தைலம் தடவி நாணயத்தால் முதுகைச் சுரண்டினாள். வரி வரியாகச் சிவந்தது. நாலு நாளில் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டான். அவன் எழுந்த அன்றைக்கு இமாஸுக்குத் தொண்டை கரகரத்தது. கால் முட்டி குடைந்தது.

தெருமுனைச் சுகாதார நிலையத்தில் காசில்லாமலே பரிசோதனை செய்தார்கள். பக்கத்து வீட்டுச் சலவைக்காரி அங்கே போய் மூக்கைக் காட்டினாள். நோய் இருக்கிறது என்று வந்தது. அவள் துவைத்த ஆறு வீடும் அதற்கப்புறம் அவளைக் கூப்பிடவே இல்லை. இமாஸ் இரண்டு நாளாக அந்த வழியை விட்டுவிட்டு மசூதிச் சந்து வழியாகவே கடைக்குப் போய்வந்தாள். ஏன் சுற்றிப் போகிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை காலை உடம்பு லேசானது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அன்றைக்கு மழை சாய்த்து ஊற்றியது. சாரல் அடிக்கிறது என்று இபு கண்ணாடியெல்லாம் இழுத்துச் சாத்தியிருந்தார். பெரிய மான்ஸ்தெராவின் அடியிலை இரண்டு மஞ்சளாகத் தொங்கின.

"மூணு நாளாத் தூங்கல நெங். பாரு, என்ன ஆச்சுன்னு பாரு."

செடிக்காரர்களுக்கு மூக்குதான் முதல் வைத்தியர். இமாஸ் தொட்டியைச் சாய்த்து, அடித்துளையில் முகத்தை வைத்து இழுத்து மோந்தாள். ஒன்றும் இல்லை.

"வேர் நல்லாத்தான் இருக்கு இபு."

இபு முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி அந்தப் பக்கம் குனிந்தார். "ஐயையோ! செத்த எலி கணக்கா நாறுது, நல்லா இருக்குங்கிற! உனக்கென்ன மூக்கு இல்லையா?"

"மழையில நனைஞ்சு சளி பிடிச்சிருக்கு இபு," என்றாள் இமாஸ். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொன்னது.

செடியை உருவிப் பார்த்தபோது பாதி வேர் கூழாக இருந்தது. இபு தண்டைப் பிடித்துக்கொள்ள, இமாஸ் அழுகலைச் சீவி, கழுவி, கரித்தூள் தூவி வேறு தொட்டியில் வைத்தாள். இரண்டு மணி நேரம் தலையோடு தலை முட்டுகிற மாதிரி இரண்டு பேரும் அந்தச் செடிமேலேயே குனிந்திருந்தார்கள். தண்டில் ஒரு இடத்தில் கரும்புள்ளி தெரிந்தது. அதற்கு மேலே வெட்டிவிடலாம் என்றாள் இமாஸ். வேண்டாம் என்றார் இபு. வேலை முடிந்ததும் தேநீரும் வாழைப்பழ வறுவலும் வந்தன. முகக்கவசத்தோடு எப்படித் தின்பது? இமாஸ் நாலு வறுவல் தின்றாள். ஈரத்துணியைத் தின்றது மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தைலக் குப்பியைத் திறந்து மூக்கடியில் வைத்துப் பார்த்தாள். வெங்காயத்தை நசுக்கிப் பார்த்தாள். கடைசியில் குளியலறைப் பினாயிலை. பிறகு அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நிமிஷமே போன் போட்டிருக்கலாம். போனை எடுக்கவும் செய்தாள். இபுவின் பெயர் வரைக்கும் வந்துவிட்டு, போனைக் கையில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இபுவே கூப்பிட்டார்.

"இன்னிக்கு வராத நெங். தொண்டை ஒரு மாதிரி இருக்கு. தெருத்தலைவர் ஆளக் கூட்டிட்டு வந்து மூக்குல குச்சி விட்டாரு. எனக்கு வந்துருச்சாம். எப்படி வந்துச்சுன்னு தெரியல. நான் வாசப்படி தாண்டலையே."

"கஞ்சி குடிச்சீங்களா இபு?" என்று மட்டும் கேட்டாள் இமாஸ்.

அன்று மத்தியானமே கஞ்சிப் பாத்திரத்தோடு போனாள். வெளிக்கதவில் நோய் வீடு என்று தாள் ஒட்டியிருந்தது. செடி அறைக் கண்ணாடிக்கும் மதில் சுவருக்கும் நடுவில் சாக்கடை ஓடும் ஒரு சந்து உண்டு. ஒரு ஆள் நிற்கலாம். இமாஸ் அதில் போய் நின்று கண்ணாடியைத் தட்டினாள். உள்ளேயிருந்து இபு பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நடுவில் கண்ணாடி. இரண்டு பேர் காதிலும் போன்.

அப்படிப் பதினோரு நாள். மற்ற நாலு வீட்டுக்கும் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். இப்போது சொல்ல முடிந்தது அன்றைக்கு முடியவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரமாக இருந்தது.

ஆஸ்பத்திரிகளில் இடம் இல்லை. வாசலில் கூடாரம் போட்டு, கூடாரத்திலும் இடம் இல்லாமல், வந்த வண்டியிலேயே ஆட்களைப் படுக்க வைத்திருந்தார்கள். மசூதி ஒலிபெருக்கி காலையில் மூன்று பேர், மதியம் இரண்டு பேர் என்று இறந்தவர் பெயர் சொல்லிக்கொண்டே இருந்தது. இபு அந்தப் பெயர்களைப் பற்றிப் பேசவில்லை. செடிகளைப் பற்றியே பேசினார். எது வாடியது, எதற்குத் தண்ணீர், எந்தத் தொட்டியில் கொசு.

ஐந்தாம் நாள் மான்ஸ்தெராவைக் கண்ணாடி பக்கம் நகர்த்தித் திருப்பிக் காட்டினார். அன்று பார்த்த கரும்புள்ளி நாலு விரல் நீளத்துக்கு ஏறியிருந்தது. தண்டு அங்கே நீர்கோத்து மினுங்கியது.

"இபு, இன்னிக்கு வெட்டலேன்னா நாளைக்கு முழுசும் போயிரும்."

"நீ வந்து வெட்டு."

"நான் எப்படி உள்ள வர்றது?"

இபுவுக்கு மூச்சு வாங்கியது. பிறகு அலமாரியிலிருந்து காய்கறிக் கத்தியைக் கொண்டுவந்தார். ஸ்பிரிட்டால் துடைக்கச் சொன்னாள் இமாஸ். துடைத்தார். கண்ணாடியில் விரலை வைத்து இமாஸ் இடத்தைக் காட்டினாள். "அங்க இல்ல. மேல. இன்னும் மேல. கணு தெரியுதா, வேர் மாதிரி ஒண்ணு நீட்டிட்டிருக்குதே? அதுக்குக் கீழ. ஆமா. சாய்ச்சு, ஒரே இழுப்பா."

கத்தி வழுக்கியது. இரண்டாம் தடவையில் இறங்கியது. மேல்பாதி, ஏழு பெரிய இலையோடு, அவர் மடியில் சாய்ந்தது. அதைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டார்.

"வெட்டிட்டேன் நெங்."

"வெட்டிட்டீங்க."

"உள்ள வெள்ளையா இருக்கு."

"அப்படின்னா நல்லாருக்கு இபு. அழுகல் அங்க வரைக்கும் போகல."

"ஒரு வருஷமா உன்ன வெட்ட விடாம படுத்தி வச்சேன்," என்று சொல்லிச் சிரிக்கப் போனவர் இருமத் தொடங்கினார். அந்த இருமல் வெகுநேரம் நிற்கவில்லை. இமாஸ் இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் வைத்துக்கொண்டு, செய்ய ஒன்றுமில்லாமல் நின்றாள்.

ஏழாம் நாள் விரலில் மாட்டும் கருவி எண்பத்தாறு என்று காட்டியது. சாரிப் வேனை எடுத்தான். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, நாலு கடை ஏறி இறங்கியும் உருளை கிடைக்காமல், சிபினோங்கில் ஆக்சிஜன் நிரப்புகிற இடத்தில் வெயிலில் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற ஒருவனுக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு, காலி உருளையை உருட்டிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தான். "உங்களுக்கு வேணுமா?" என்று சாரிப்பிடம் கேட்டான். "எங்கப்பாவுக்கு இனி வேணாம்." அந்த உருளையைத்தான் நிரப்பிக்கொண்டு வந்தார்கள். தெருத்தலைவர் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு அதை உள்ளே கொண்டுபோய்ப் பொருத்தினார்.

ஒன்பதாம் நாள் மூக்கில் குழாயோடு இபு கொஞ்சம் தெளிவாக இருந்தார். இமாஸ் துணிந்துவிட்டாள்.

"இபு, அன்னிக்குச் செவ்வாக்கிழமை... தொட்டிய மோந்து பார்த்தேனே..."

"என்ன நெங்?"

"எனக்கு நாத்தம் தெரியல இல்ல..."

இபு கையை உயர்த்தினார். புரிந்துகொண்டுதான் கையை உயர்த்தினாரா, மூச்சுக்காகவா, தெரியவில்லை. "நாளைக்குப் பேசலாம். நெஞ்சு அடைக்குது. நீ மட்டும் வந்துட்டே இரு, என்ன?"

"வர்றேன் இபு."

சொல்லாமல் விட்டதற்கு அந்த உயர்ந்த கையை ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டாள் இமாஸ். மறுநாள் இபுவுக்குப் பேச்சு வரவில்லை. தலையை மட்டும் அசைத்தார். பதினோராம் நாள் காலை கண்ணாடியைத் தட்டியபோது பிரம்பு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். தலை தோளில் சாய்ந்திருந்தது. குழாய் மூக்கிலேயே இருந்தது. உருளையின் முள் சுழியத்தில் நின்றது. இமாஸ் தட்டிக்கொண்டே இருந்தாள். தெருத்தலைவர் வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

வெள்ளை உடுப்பில் நாலு பேர் பெட்டியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொண்டுபோனார்கள். ஊருக்கு வெளியே புதிதாக வெட்டிய கல்லறைத் திடலில் வரிசையாகக் குழிகள் காத்திருந்தன. கயிறு கட்டிய தூரத்திலிருந்து இமாஸ் போனைத் தூக்கிப் பிடித்தாள். போனுக்குள் குமிலார். அங்கே விமானத்துக்கு அனுமதி கிடைக்காமல், ஆலைக் குடியிருப்பில் அலுவலக உடுப்போடு நின்று தொழுதான். நடுவில் படம் உறைந்துவிட்டது. மறுபடி வந்தபோது மண் மூடியாகிவிட்டது.

அவன் வந்து சேர மூன்று வாரம் பிடித்தது. வந்த மறுநாளே இமாஸைக் கூப்பிட்டான்.

"போகாத," என்றான் சாரிப். "போனாலும் வாயத் திறக்காத. செத்தவங்க திரும்பியா வரப்போறாங்க? நீ சொன்னா நாளைக்கு ஒரு வீட்டுல கூட உன்ன வாசல்ல நிக்க விட மாட்டாங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"உன் மூஞ்சி சொல்லுது."

செடி அறையில் பாதிக்கு மேல் காய்ந்திருந்தன. மீதி, கவனிப்பாரில்லாமல் இலையை உதிர்த்துவிட்டுத் தண்டோடு நின்றன. குமிலார் அம்மாவின் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயசு ஆளுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"அக்கா, எங்கம்மா கடைசியாப் பார்த்த முகம் உங்களோடது. நான் மகன், போன்ல பார்த்தேன். இந்தச் செடியெல்லாம் நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க. வேற யாருக்கும் கொடுக்க மனசு வரல."

இமாஸ் கத்தியை எடுத்து, காய்ந்த இலைகளைக் கழிக்க ஆரம்பித்தாள். கைக்கு வேலை வேண்டியிருந்தது.

"ஒரு விஷயம்தான் தூங்க விடல," என்றான் அவன். "யார் கொண்டு வந்திருப்பான்னு யோசிச்சு யோசிச்சு... நேத்து அந்தக் கேஸ்காரர் ஓயிப்பைப் பிடிச்சிட்டேன். ஜூன்ல அவருக்கு இருமல் இருந்துச்சாம், எதிர் வீட்டுல சொன்னாங்க. தெருவுல வச்சே கேட்டேன். 'என் அம்மாவக் கொன்னுட்டியே'ன்னு கத்திட்டேன். அம்பது பேர் பார்த்தாங்க. அவர் ஒரு வார்த்தை பேசல. அப்படியே உருளையத் தோள்ல வச்சுக்கிட்டு நின்னாரு. பேசாம நின்னார்னா உண்மைதானே?"

கத்தி நின்றது.

"அவரு இல்ல தம்பி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இமாஸ் கத்தியைத் தொட்டி விளிம்பில் வைத்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் சாரிப்பின் முதுகிலிருந்து தொடங்கினாள். சுகாதார நிலையத்தைச் சுற்றிக்கொண்டு போனதைச் சொன்னாள். கண்ணாடியெல்லாம் சாத்தியிருந்ததை, தொட்டியை மோந்ததை, இபு முகக்கவசத்தை இறக்கியதை, வாழைப்பழ வறுவலை. வீட்டுக்குப் போய்ப் பினாயிலை மோந்து பார்த்ததையும், போன் செய்யாததையும் சொன்னாள். எதையும் விடவில்லை. சொல்லும்போது அழக் கூடாது என்று நினைத்திருந்தாள். அழவில்லை.

குமிலார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சேதான் வந்தீங்களா?"

"தெரியாதுன்னு சொல்ல முடியாது. தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்தேன்."

"அம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"சொல்ல வந்தேன். சொல்லல."

"பதினோரு நாள் அந்தச் சந்துல நின்னீங்க. பதினோரு நாளும்..." அவன் எழுந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்து இமாஸ் நகராமல் நின்றாள். அவன் அவளைத் தாண்டிப் போய், அவள் பையை எடுத்து, கத்தியையும் துணியையும் பஞ்சையும் ஒவ்வொன்றாக உள்ளே போட்டு, அவள் கையில் கொடுத்தான்.

"போயிருங்க அக்கா. நான் ஏதாவது செஞ்சிருவேன். போயிருங்க."

தெருவில் வெயில் சுள்ளென்று அடித்தது. வீட்டுப் பக்கம் பத்தடி நடந்தவள் நின்றாள். பிறகு எதிர்த்திசையில் திரும்பி ஓயிப் வீட்டுக்குப் போனாள்.

ஓயிப் வாசல் திண்டில் காலி உருளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகவில்லை. அவர் மனைவி யாயா கதவில் சாய்ந்து நின்றாள். இமாஸ் வாசலிலேயே நின்று சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வதால் சுருக்கமாகவே வந்தது.

ஓயிப் கேட்டார். "நேத்து அவன் கத்துனப்ப நான் ஏன் பேசலன்னு தெரியுமா? ஒருவேளை நான்தானோன்னு எனக்கே தோணிருச்சு. ராத்திரி பூரா எந்தக் கையால உருளைய வச்சேன்னு யோசிச்சுட்டிருந்தேன்."

"மன்னிச்சிருங்க ஓயிப் மாமா."

"எங்கிட்டச் சொல்லிட்ட. தெருவுக்கு யாரு சொல்றது?" இது யாயா. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். "நேத்து சாயங்காலத்திலிருந்து ஒரு வீடு கூடக் கேஸ் கேக்கல. என் பேத்தியோட ஒரு புள்ள விளையாட வரல. வா. நீயே சொல்லு. நான் கூட நிக்கிறேன்."

"விடு யாயா," என்றார் ஓயிப்.

"நீங்க சும்மா இருங்க. நேத்தும் சும்மாதானே இருந்தீங்க?"

அந்தத் தெருவில் பதினான்கு வீடு. யாயா தட்டினாள், இமாஸ் சொன்னாள். முதல் வீட்டில் கதவு முழுசாகத் திறக்கவில்லை. இரண்டாம் வீட்டுக்காரர் தொலைக்காட்சியைக் குறைக்காமலே கேட்டுவிட்டு, "சரி, சரி" என்றார். அங்கே இமாஸ் வியாழக்கிழமைதோறும் செடி பார்க்கிறவள். மூன்றாம் வீட்டுப் பெண் காறித் துப்பினாள். தெருவில்தான் துப்பினாள், ஆனாலும் சட்டென்று பின்வாங்கிக் கதவை அடைத்தாள். தெருத்தலைவர் மட்டும் கேட்டுவிட்டு நெடுநேரம் மீசையைத் தடவினார். "நீ சொல்றதுதான்னு எப்படி உறுதி? காத்துல வர்றது. நானும்தான் அந்த வீட்டுக்குப் போனேன்."

"நீங்க அப்புறம் போனீங்க," என்றாள் இமாஸ்.

ஏழாவது வீட்டில் ஒரு நடுவயதுப் பெண். ஜூலையில் அப்பாவைப் பறிகொடுத்தவள். இமாஸ் பாதி சொல்லும்போதே அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். யாயா அவள் திட்டப் போகிறாள் என்று நினைத்தாள். அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து, "எனக்கும் வாசனை தெரியல," என்றாள். "அப்பாவுக்கு நான்தான் ரசம் ஊத்திக் கொடுத்தேன். உப்பு பார்க்கச் சொன்னேன், எனக்கு ருசி தெரியலன்னு அவர்கிட்டயே சொன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம்." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. யாயாவும் இமாஸும் இரண்டு பக்கமும் நின்றார்கள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மீதி ஏழு வீட்டையும் முடித்தார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். காகிதக் குவளையில்.

கடைசி வீட்டுக்கு வெளியே வந்ததும் யாயா நின்றாள். கோபம் இறங்கிப் போயிருந்தது. அதற்குப் பதிலாக வேறு எதுவும் வந்திருக்கவில்லை. "வீட்டுக்குப் போ," என்று மட்டும் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அடுத்த வாரம் ஓயிப் தோளில் உருளையோடு தெருவில் போவதைச் சாரிப் பார்த்ததாகச் சொன்னான். குமிலார் அவர் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான் என்றும் கேள்வி. இமாஸை அவன் கூப்பிடவில்லை. மற்ற நாலு வீட்டில் மூன்று வீடு அவளை நிறுத்திவிட்டது. நாலாவது வீட்டில், வெளியே இருக்கும் தொட்டிகளை மட்டும், யாரும் எதிரில் வராமல் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்கள்.

செப்டம்பரில் வீட்டைப் பூட்டிவிட்டுக் குமிலார் பாலிக்பாப்பானுக்குத் திரும்பினான். செடிகளை யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியில் இமாஸ் அந்தச் சந்தில் நுழைந்து கண்ணாடிக்குள் பார்த்தாள். உள்ளே நீராவி படிந்து மங்கலாக இருந்தது. துடைத்துப் பார்க்கலாம் என்றால் படிந்த ஈரம் இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கம் இருந்தது. சற்று நேரம் நின்றுவிட்டு, மழை வலுப்பதற்குள் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடந்தாள்.